மெக்சிகோவுக்குப் போய் வந்தவன்

11-2-1909, வியாழன்
காலையிலேயே புழுக்கம். மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

அநியாயம் நடந்தது நேற்று. இடம் கிள்ளான், கல்யாணப் பந்தி. செய்தவன் கோவிந்தன், என் மனைவி அஞ்சலையின் தம்பி, மளிகைக் கடைக்காரன். சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: “மாமா மெக்சிகோவுக்கு எங்கய்யா போனாரு? ஏழு மாசமும் சிங்கப்பூர்லதான் குந்திக்கிட்டு இருந்தாரு. பார்த்தவங்க இருக்காங்க.”

பந்தியே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவருக்குப் புரை ஏறியது. நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அப்போது பாயசம் கூட வந்திருக்கவில்லை.

உண்மை என்ன என்பதை எழுதி வைக்கிறேன். ரயில்வே சர்வே துரையிடம் செயின்மேன் வேலை பார்த்தவன் நான். தண்டவாளம் போடுமுன் காட்டை அளப்பார்கள். சங்கிலியின் ஒரு முனை துரை பக்கம், மறு முனை என் கையில். காட்டுக்குள் முதலில் போவது எப்போதும் என் முனைதான். துரை பென்ஷன் வாங்கினார், நானும் பிரிக்பீல்ட்ஸ் வீட்டோடு வந்து சேர்ந்தேன். துரைக்குப் பழைய கற்கோயில்களை அளந்து படம் போடுகிற பைத்தியம் உண்டு. போன ஆனியில் ஒரு காலை ஆள் அனுப்பினார். மெக்சிகோ தேசத்தின் தென்பாகம். காட்டுக்குள் கோயில்கள். “சங்கிலி பிடிக்க நீதான் வேணும்” என்றார். மறுநாள் கப்பல். போனேன். தை பிறந்தபின் திரும்பினேன், தனியாக. துரை அங்கிருந்தே சீமைக்குப் போய்விட்டார். ஆகவே சாட்சி இல்லை.

சிங்கப்பூரில் இருந்தது மெய். திரும்பும் வழியில் காய்ச்சல், சில நாள் படுக்கை. எவனோ அப்போது பார்த்திருக்கிறான்.

மாலை படிப்பகத்துச் செயலாளர் சிவலிங்கம் வந்தார். சின்ன வயசு, நல்ல பையன், முதுகெலும்பு மட்டும் இல்லை. 21ஆம் தேதி ஞாயிறு அங்கே என் பிரயாணத்தைப் பற்றி நான் பேசுவதாக ஏற்பாடு.

“பெரியவரே, கொஞ்சம் தள்ளி வைப்போம்லா. ஊர்ப் பேச்சு அடங்கட்டும்.”
“ரத்துன்னு சொல்லு.”
“ரத்து இல்லீங்க. அன்னைக்கு ஆர்மோனியம் வச்சிருக்கோம்.”

ஆர்மோனியம்!

அறுபதுக்கு மேல் எனக்கு வந்த சந்தோஷம் அந்த ஏழு மாதம். நான் போகவில்லை என்றால் அந்தச் சந்தோஷமும் வரவில்லை என்று ஆகிவிடும். அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பேசியே தீருவேன்.

கால் ஆணி வலி. வேப்பெண்ணெய் தீர்ந்துவிட்டது.

12-2-09, வெள்ளி
மத்தியானம் மழை. கூரை ஒழுகும் இடத்தில் சட்டி வைத்தாயிற்று.

பேச்சு உண்டோ இல்லையோ, தயார் செய்வது என் கடமை. ஞாபகம் வந்த வரிசையில்:

தெவாந்தெபெக் சந்தை. கப்பல் விட்டு இறங்கி ரயிலில் போன முதல் ஊர். சந்தை முழுக்கப் பெண்கள். விற்பவள் பெண், வாங்குபவள் பெண், சண்டை போடுபவளும் பெண். ஆண்பிள்ளை ஒருவன் கூட இல்லை. எல்லாம் ராணி மாதிரி நடை. பூப்போட்ட வெல்வெட் ரவிக்கை, தரையைக் கூட்டும் பாவாடை, கழுத்தில் தங்கக் காசு மாலை, தலையில் மீன் கூடை. துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பயந்து பயந்து நடந்தார். என்னைக் கண்டதும் ஒருத்தி என் குடுமியை இழுத்துப் பார்த்தாள், ஒட்ட வைத்ததா என்று. இன்னொருத்தி என் கடுக்கனுக்கு விலை கேட்டாள். தர மாட்டேன் என்று கை ஆட்டினேன். அவள் தன் காதுத் தோட்டைக் கழற்றி நீட்டி, மாற்றிக்கொள்ளலாம் என்று சைகை காட்டினாள். சந்தையே கைகொட்டியது. வெட்கமாகப் போய்விட்டது. நல்ல வெட்கம்.

பழங்கள்: சீத்தா, கொய்யா, பப்பாளி, அன்னாசி. எல்லாம் குவியல் குவியலாக. நம் பழங்கள் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தன என்று துரையைக் கேட்டேன். அங்கிருந்துதான் நமக்கு வந்தன என்றார். சரி, பழம் போகட்டும் என்று விட்டேன். பிறகு மிளகாயும் அவர்களுடையதே என்றார். இரண்டு நாள் துரையோடு பேசவில்லை. இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதை அஞ்சலையிடம் சொன்னேன். உளுந்து களைந்துகொண்டே சொன்னாள்: “நீங்க மெக்சிகோ போனீங்களோ சிங்கப்பூர் போனீங்களோ, எனக்கு ஏழு மாசம் வீடு அமைதியா இருந்துச்சு.”

நம்புகிறாளா இல்லையா என்று கேட்கவில்லை.

13-2-09, சனி
வெயில். துணி எல்லாம் காய்ந்தது. வேப்பெண்ணெய் வாங்கியாயிற்று.

மித்லா. மலைப் பாதையில் கோவேறு கழுதைமேல் பல நாள் போய்ச் சேர்ந்த இடம். கூரை இல்லாத அரண்மனைகள். சுவர் முழுக்கக் கோலம். வரைந்தது இல்லை, செதுக்கியதும் இல்லை. சின்னச் சின்னக் கல்லாக வெட்டி, சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். படிபோல் ஏறி, சுருள்போல் திரும்பி, மறுபடி படி. அஞ்சலை தரையில் போடுவதை நிமிர்த்தி வைத்தது போல. வாசலில் செருப்பைக் கழற்றினேன். துரை பூட்சோடு நின்றார், என் காலைப் பார்த்தார், அவரும் கழற்றினார். பிறகு கல் சுட்டு இரண்டு பேரும் குதித்தோம்.

அங்கே நிலவறையில் ஒரு தூண். அதைக் கட்டிப்பிடித்தால் இரண்டு கைக்கும் நடுவே எத்தனை விரற்கடை இடைவெளியோ அத்தனை வருஷம் ஆயுசாம். துரைக்கு நீளமான கை. விரல்கள் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டன. துரைக்கு முகம் மாறிவிட்டது. எனக்குக் குட்டைக் கை. காவல்காரன் என் இடைவெளியை அளந்து பார்த்து, எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தான்.

பக்கத்து ஊர் த்லகொலுலா. (இந்த ஊர்ப் பெயரைப் பேச்சில் சொல்லுமுன் தண்ணீர் குடிக்க வேண்டும்.) ஞாயிற்றுச் சந்தை. அப்போது நான் வெற்றிலை கண்டு பல மாதம். கொண்டுபோன வெற்றிலை ஆங்காங்குக்கு முன்பே தீர்ந்தது. பாக்கு மட்டும் மடியில். வாய் பாலைவனம். சந்தையில் ஒரு கிழவி, முன்னால் கூடை, கூடையில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி. பக்கத்திலேயே பச்சை இலை அடுக்கு, நெஞ்சு வடிவம், மெல்லிய காம்பு, வெற்றிலையேதான், கொஞ்சம் பெரிது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டு உட்கார்ந்தேன். இலையை எடுத்து வேட்டியில் துடைத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டேன்.

சோம்பு வாசனை! வெற்றிலையே இல்லை. அவர்கள் மீனைப் பொதிந்து வேகவைக்கிற இலையாம்.

கிழவி சிரித்த சிரிப்பு. முந்தானை மாதிரி ஒன்றால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு, அவள் இன்னொருத்தியைக் கூப்பிட்டு. நான் துப்பவில்லை. மென்று முழுங்கினேன். பிடிவாதத்துக்கு இன்னொன்றும் மடித்தேன். அப்புறம் கிழவி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அந்தச் சுண்ணாம்பு எதற்கு என்று காட்டினாள். சோளத்தை அதில் வேகவைப்பார்கள். தோல் கழன்றுவிடும். கழுவி அரைத்து ரொட்டி தட்டுவார்கள். அவள் பெயர் மரியா. ரொட்டி தந்தாள். உப்பிய ரொட்டி, மண் ஓட்டில் சுட்டது, புகை மணம்.

எழுதும்போதே யோசனை பிறந்தது. சிங்கப்பூரில் குந்தியிருந்தவனுக்கு இது தெரியுமா? நாளைக்குச் செய்து காட்டுவேன். கோவிந்தன் எதிரிலேயே. அக்காள் கூப்பிடுவதாகக் கிள்ளான் போகும் ரயில் கார்டிடம் சொல்லி அனுப்பியாயிற்று.

14-2-09, ஞாயிறு
மேகமூட்டம். அடுப்புக்கு நல்ல நாள்.

சோளம் பாசாரில் சீனன் கடையில். கோழிக்குப் போடுகிற காய்ந்த சோளம்தான் கிடைத்தது. சுண்ணாம்பு வெற்றிலைக் கடையில். இரண்டையும் ஒரே பானையில் போட்டதும் பக்கத்து வீட்டுத் தங்கம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“என்ன பெரியப்பா, செவுத்துக்கு அடிக்கவா?”
“சாப்பிட.”
“ஆத்தாடி. பெரியம்மா, உங்க வீட்டுக்காரரு கோழித் தீனியில சுண்ணாம்பு கலக்கறாரு, வந்து பாருங்க!”

வந்தார்கள். லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும். வெந்தது. கையால் தேய்த்தால் தோல் கழன்றது, நான் சொன்னபடியே. அஞ்சலை அம்மியில் அரைத்தாள், முணுமுணுத்துக்கொண்டே. அங்கே பெண்கள் மண்டி போட்டு, சாய்ந்த கல்லில் அரைப்பார்கள் என்று சொன்னேன். “அப்ப அவளையே கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்றாள்.

முதல் ரொட்டி கருகியது. இரண்டாவது கிழிந்தது. அப்புறம் ஒன்று தோசைக்கல்லில் கிடந்தபடி மெதுவாக மூச்சு வாங்கி, உப்பி எழுந்தது. நான் கத்திவிட்டேன். தங்கம்மாவும் கத்தினாள். கருவாட்டுச் சம்பாலோடு எல்லாரும் தின்றார்கள். பெண்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

கோவிந்தன் மத்தியான வண்டியில் வந்தான். ரொட்டியை மோந்து பார்த்தான். ஒன்று தின்றான். இன்னொன்றும் தின்றான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு:

“சிங்கப்பூர்ல கப்பல்காரன் எவனாச்சும் செஞ்சு காட்டியிருப்பான்.”

தட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

தங்கம்மா நல்லதாகச் சொல்வதாக நினைத்து, “நெசமோ பொய்யோ, அந்தச் சந்தைக் கதையைச் சொல்லுங்க பெரியப்பா, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது” என்றாள். நெசமோ பொய்யோ! அதன்பின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதை கேட்க வந்தவர்களுக்கு என்னிடம் எதுவும் இல்லை. நான் போன இடத்தைச் சொல்கிறேன்.

கோவிந்தன் மாலை வண்டிக்குப் புறப்பட்டான். அக்காளிடம் மட்டும் சொல்லிக்கொண்டான்.

15-2-09, திங்கள்
இரவு மழை பெய்த ஈரம். தலைவலி.

அஞ்சலை காபி வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள்.

“அவன் ஏன் அப்படிச் சொல்றான்னு கேட்டீங்களா?”
“பொறாமை.”
“போங்க. நீங்க போன அன்னைக்கு வண்டி கிள்ளான் ஸ்டேஷன்ல நின்னுச்சா இல்லையா?”

நின்றது. துறைமுகத்துக்குப் போகிற வண்டி கிள்ளானில் நிற்காமல் எப்படிப் போகும்? கோவிந்தன் கடை ஸ்டேஷனுக்கு எதிரிலேயே. நான் இறங்கவில்லை.

“அவன் கடையில நின்னு பார்த்திருக்கான். கையைக் கூட ஆட்டியிருக்கான். நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டீங்களாம். கடல் தாண்டிப் போறவரு மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கல. சொல்லிக்காம போனவரு எப்படிப் போனவரு ஆவாருன்னு கேக்கறான்.”

திரும்பி உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. காரணம் இன்றும் சரியே. கோவிந்தனுக்கு வாய் நிற்காது. யார் புறப்பட்டாலும் “எங்க போறீங்க?” என்பான். புறப்படுகிறவனை அப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? என் வாழ்க்கையின் பெரிய பிரயாணம், அதை அவன் வாயில் கொடுக்கச் சொல்கிறாளா? நான் செய்தது முன்ஜாக்கிரதை.

இதை விளக்கினேன். முழுதும் கேட்டாள்.

“சரி. இப்பப் போயி சொல்லிட்டு வாங்க.”
“போயிட்டு வந்தவன் எப்படிடி போயிட்டு வரேன்னு சொல்றது?”
“வாயாலதான்.”

முடியாது என்றேன். தப்பு செய்யாதவன் ஏன் போக வேண்டும்?

மாலை, மனசு வேறு பக்கம் போகட்டும் என்று பலெங்கே பற்றிக் குறித்தேன். காடு. நம் உலு சிலாங்கூர் காடு மாதிரியே, அட்டை மட்டும் குறைவு. கோயில்கள் மரத்துக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. முதல் நாள் விடியலில் உறுமல் கேட்டது. புலி என்று கத்திக்கொண்டு கோயில் படியில் ஏறி உச்சிக்கே போய்விட்டேன். குரங்கு. அந்த ஊர்க் குரங்கு அப்படி உறுமுமாம். துரை கீழே நின்று, “அங்கேயே இரு, சங்கிலியை மேலே எறிகிறேன், உயரம் அளந்துவிடலாம்” என்றார். அப்படித்தான் அளந்தோம். உச்சியிலிருந்து பார்த்தால் மரத் தலைகள், அதற்கப்பால் சமவெளி, கடல் வரை. அங்கே சம்மணமிட்டு ஒரு கல் ராஜா, காதில் பெரிய தோடு, என்னைப் போலவே பிடிவாதமான மூக்கு. இத்தனை அழகு இந்தக் கண்ணுக்கு எதற்குக் கிடைத்தது என்று அழுதேன்.

சான் கிறிஸ்தோபல் ஊரையும் சொல்ல வேண்டும். பழைய ஸ்பானியர் கட்டிய ஊர். குளிர். ஓட்டு வீடுகள், இரும்புக் கம்பி ஜன்னல், ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி, மஞ்சள் பூசிய மாதா கோயில். மலை ஜனங்கள் நடைபாதையில் ஏறக்கூடாதாம், தெருவில் இறங்கி நடக்கிறார்கள். நான் ஏறியே நடந்தேன். எதிரே தொப்பிக்காரன் ஒருவன் வந்தான். நின்றான். நானும் நின்றேன். குளிராக இருந்தது. அவன் இறங்கினான். எதிர்ச் சாரியில் விறகு சுமந்து வந்த கிழவர் சுமையோடு நின்று என்னைப் பார்த்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

இதையெல்லாம் யாருக்குச் சொல்வது? ஆர்மோனியத்துக்கா?

16-2-09, செவ்வாய்
ஒன்றும் இல்லை. முடியாது என்றால் முடியாது.

மாலையில் அஞ்சலை வெள்ளை வேட்டியை மடித்து வைத்தாள்.

17-2-09, புதன்
நல்ல வெயில். காலை வண்டி. கிள்ளான்.

அஞ்சலையும் வந்தாள். கடை வாசலில் கூட்டம்: ஒரு மலாய்க்காரர் அரிசிக்கு, இரண்டு தோட்டத்துப் பெண்கள் எண்ணெய்க்கு. கோவிந்தன் தராசில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். பார்த்தான். பார்க்காத மாதிரி நிறுத்தான்.

வாசற்படியில் நின்றேன். அஞ்சலை முதுகில் ஒரு குத்து.

“மச்சான். மெக்சிகோவுக்குப் போயிட்டு வரேன்.”

தோட்டத்துப் பெண்கள் என் கையில் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. குடை மட்டும்.

தராசு ஆடிக்கொண்டே இருந்தது. கோவிந்தன் அதைப் பிடித்து நிறுத்தினான். வாய் திறந்தான். எனக்குத் தெரியும், எங்க போறீங்க என்று கேட்கப் போகிறான். கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டான்.

“தூரமாச்சே மாமா.”
“தூரந்தான்.”
“எப்பத் திரும்புவீங்க?”
“தை மாசம்.”
“தை போயிருச்சே” என்றாள் எண்ணெய்க்காரி. யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

கோவிந்தன் கல்லாவை விட்டு இறங்கி வந்தான். உள்ளே போனான். எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு சின்ன ஜாடி, வாழை மட்டையில் சுற்றியது, இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம். “வழிக்கு வச்சுக்குங்க. கப்பல்ல வயிறு பெரட்டும்.” பிறகு என் காலைத் தொட்டான். கடை நடுவில். “பத்திரமாப் போயிட்டு வாங்க மாமா.”

குனிந்த தலைமேல் கை வைத்தேன்.

தெருவில் இறங்கி நடந்தேன். ஸ்டேஷன் வரை. அங்கே மரத்தடியில் நின்று ஒரு இஞ்சி மிட்டாய் தின்றேன். துறைமுகம் போகிற வண்டி புகை விட்டுக்கொண்டு நின்றது. திரும்பி நடந்தேன். நான் தெருவைத் தாண்டுமுன்பே அவன் வாசலுக்கு வந்து நின்றுவிட்டான்.

“வந்துட்டேன் மச்சான்.”
“வாங்க மாமா, வாங்க. இளைச்சுப் போயிட்டீங்களே. எப்படி இருந்துச்சு மெக்சிகோ?”

சாக்குமேல் உட்கார்ந்தேன். சொன்னேன். தெவாந்தெபெக்கில் தொடங்கினேன், மித்லாவுக்கு வருவதற்குள் மத்தியானம். மலாய்க்காரர் அரிசியை வாங்கியும் போகவில்லை, எண்ணெய்க்காரிகள் அவருக்கு மலாயில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குடுமியை இழுத்த இடத்தில் கோவிந்தன் சிரித்துச் சிரித்துப் பருப்பு மூட்டைமேல் சாய்ந்துவிட்டான். தொப்பிக்காரன் இடத்தில், “இறங்கினானா? நெசமா இறங்கினானா?” என்று மூன்று தடவை கேட்டான். இந்த “நெசமா” வேறு. இது எனக்குப் பிடித்தது.

சாப்பிட்டோம். பாயசம் வைத்திருந்தாள் அவன் மனைவி.

திரும்பும்போது வண்டியில் அஞ்சலை: “பலெங்கேயில அழுதேன்னு சொன்னீங்களே. எங்கிட்ட சொல்லவே இல்ல.” நீ கேட்கவில்லையே என்றேன். “இப்பக் கேக்கறேன்” என்றாள். பிரிக்பீல்ட்ஸ் வரும் வரை சொன்னேன். ஸ்டேஷன் தாண்டிவிடப் பார்த்தது.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான்.

19-2-09, வெள்ளி
காலை தூறல், பிறகு வெளுத்தது. சிவலிங்கம் ஓடி வந்தார். கோவிந்தன் கிள்ளானிலிருந்து ஆள் விட்டுச் சொல்லியனுப்பினானாம், மாமா பேசவில்லை என்றால் படிப்பகத்து விளக்குக்கு இனி தன் கடை மண்ணெண்ணெய் கிடையாது என்று. “ஞாயித்துக்கிழமையே வச்சுக்குவோம் பெரியவரே. ஆர்மோனியத்தை அடுத்த வாரம்…”

உடனே சரி என்று சொல்லவில்லை. என் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தேன். ஒரு பிரதி இங்கே:

சிவலிங்கம்: பெண்களுக்குப் பாய் போட வேண்டும். முன்னால். நடுவில் துணி மறைப்பு கிடையாது. இல்லையென்றால் பேச்சு இல்லை.

மேலும் சிவலிங்கம்: வாசலில் “கதை” என்று எழுதக்கூடாது. “பிரயாணம்” என்று எழுத வேண்டும்.

தங்கம்மா: கேள்வி கேட்கலாம். “நெசமோ பொய்யோ” என்று ஆரம்பிக்கக் கூடாது.

அஞ்சலை: ரொட்டி, கூட்டத்துக்கு ஆளுக்கொன்று. சோளம் நான் வாங்கி வருவேன். அரைப்பதற்குத் தங்கம்மாவும் மற்றவர்களும். அஞ்சலை அன்று அம்மிப் பக்கம் போகக் கூடாது, முதல் பாயில் உட்கார வேண்டும்.

நான்: சங்கிலிக்குப் பதில் கயிறு, பலெங்கே உயரத்தைப் படிப்பகத்துக் கூரையோடு ஒப்பிட்டுக் காட்ட. ஏணி யாரிடமாவது கேட்க வேண்டும்.

கோவிந்தன்: பந்தியில் சொன்னதை எல்லார் முன்னும் எழுந்து நின்று மாற்றிச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடி சொன்னால் செல்லாது. முடிந்ததும் கடைசி வண்டிக்கு ஓடக் கூடாது, இங்கேயே படுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை போகலாம். என்னிடம் சொல்லிக்கொண்டு.